டன்கர்க் என்னும் மணல்மேட்டுக் கோயில்

(யூபிலி ஆண்டையொட்டிப் பங்கு மண்டபத்தில் நடைபெற்ற மாலைக் கூட்டத்தில் பங்குக் குருவானவர் ஆற்றிய உரை)



சென்ற மாதம் நம் இளைஞர் சங்கத்தார் இதே மண்டபத்தில் வெள்ளைத் திரை கட்டி ஒரு படம் காட்டினார்கள். கிறிஸ்டோபர் நோலன் இயக்கி 2017-ஆம் ஆண்டு வெளிவந்த ‘டன்கர்க்’ என்னும் ஆங்கிலப் படம் அது. கடற்கரையில் போர்வீரர்கள் வரிசை வரிசையாக நிற்கிறார்கள். வானிலிருந்து குண்டு விழுகிறது. கடலில் படகுகள் வருகின்றன. படம் முடிந்து பெஞ்சுகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது ஒரு தம்பி நம்மிடம் வந்து, “சாமி, தோற்றுப்போய்த் திரும்பி ஓடியதை இவ்வளவு பெருமையாகக் காட்டுகிறார்களே, அது ஏன்?” என்று கேட்டார். அவருக்குப் பின்னாலேயே பாடற்குழுப் பிள்ளை ஒருத்தி வந்து, “அந்த ஊர்ப் பெயருக்கு என்ன அர்த்தம் சாமி?” என்றாள். முதல் கேள்விக்கு ஏதோ ஒரு பதிலைச் சொல்லி அன்றைக்குச் சமாளித்துவிட்டோம். இரண்டாவது கேள்வி நம்மை விடவில்லை. அதைத் தேடிப் போகையில்தான் முதல் கேள்விக்கும் சரியான விடை அதற்குள்ளேயே இருப்பது தெரிந்தது. யூபிலி விழாவில் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான பொருள் வேறு கிடைக்காது என்றும் தோன்றியது. ஏனென்றால், அந்த ஊருக்குப் பெயர் கொடுத்ததே ஒரு கோயில்.

டன்கர்க் பிரான்சு நாட்டின் வடகோடியில், பெல்ஜியம் எல்லையை ஒட்டி, இங்கிலாந்துக்கு எதிரே இருக்கும் துறைமுகப் பட்டினம். ஊர் பிரான்சில் இருந்தாலும் அதன் பெயர் பிரெஞ்சு மொழிப் பெயர் அன்று. அந்தக் கரையோரத்து மக்கள் பேசிவந்த பழைய பிளெமிஷ் மொழியில் ‘டூன்’ என்றால் மணல்மேடு, ‘கெர்க்கெ’ என்றால் கோயில். இரண்டும் சேர்ந்து மணல்மேட்டுக் கோயில். பிரெஞ்சுக்காரர் அதைத் தம் நாவுக்கு ஏற்ப ‘தங்கெர்க்’ என்கிறார்கள். ஒல்லாந்தர் ‘டௌன்கெர்க்க’ என்றும், ஜெர்மானியர் ‘டூன்கிர்ஹென்’ என்றும், ஆங்கிலேயர் ‘டன்கர்க்’ என்றும் சொல்கிறார்கள். நம் பத்திரிகைகள் ஆங்கிலத்தைப் பார்த்தே எழுதுவதால் நமக்கும் டன்கர்க் என்றே பழகிவிட்டது. இவ்வுரையிலும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

அந்தக் கரை முற்காலத்தில் மனிதர் விரும்பிக் குடியேறும் இடமாக இருக்கவில்லை. ஒரு பக்கம் வடகடல், மறுபக்கம் உப்புநீர் ஏறி இறங்கும் சதுப்பு நிலம். நடுவில் காற்று குவித்து வைத்த மணல்மேடுகளின் வரிசை ஒன்றே காலூன்றக் கிடைத்த இடம். வலை உலர்த்தவும் குடிசை போடவும் செம்படவர் அந்த மேடுகளைத்தான் நம்பியிருந்தார்கள். அங்கே முதலில் ஒரு சிற்றாலயத்தை எழுப்பியவர் புனித எலோய் என்பது அவ்வூர் மரபு. இலத்தீனில் எலிஜியுஸ் என்பார்கள். இவர் ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். தொழிலால் பொற்கொல்லர். பிராங்கு இனத்து அரசர்களான இரண்டாம் குளோத்தேருக்கும் தகோபெருக்கும் அரண்மனைப் பொற்கொல்லராகவும் ஆலோசகராகவும் இருந்து, 641-ஆம் ஆண்டு நுவாயோன், தூர்னே மறைமாவட்டங்களின் ஆயரானார். 

இந்தப் புனிதரைப் பொற்கொல்லர்களின் பாதுகாவலர் என்று மட்டும் சொல்லி நாம் கடந்துபோய்விடுவது வழக்கம். அவருடைய நண்பரான புனித ஊவான் பெயரால் வழங்கும் வரலாற்றில் வேறொரு செய்தி இருக்கிறது. அக்காலத்தில் கப்பல்களில் அடிமைகளை ஏற்றிவந்து விற்பார்கள். கப்பல் வந்ததென்று கேள்விப்பட்டால் எலோய் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடுவாராம். இருபது, முப்பது, சில வேளை நூறு பேரையும் ஒரேயடியாக விலை கொடுத்து மீட்பாராம். கைப்பணம் தீர்ந்தால் மேலங்கியையும் இடைக்கச்சையையும் கழற்றிக் கொடுப்பாராம். அப்படி மீட்கப்பட்டவர்களில் பலர் சாக்சன் இனத்தார். விடுதலை பெற்றவர்கள் விரும்பினால் ஊர் திரும்பலாம், அங்கேயே தங்கலாம், துறவு மடத்திலும் சேரலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மீண்டும் இந்தக் கரைக்குத்தான் வரப்போகிறோம்.

அந்த ஊர்ப் பெயர் எழுத்தில் காணக்கிடைப்பது 1067-ஆம் ஆண்டில். பிளாண்டர்ஸ் பிரபுவான ஐந்தாம் பால்ட்வின் வழங்கிய சாசனம் ஒன்றில் ‘டுன்கெர்க்கா’ என்று வருகிறது. பத்திலொரு பங்கு காணிக்கை பற்றிய சாசனம் அது. கணக்குப் புத்தகத்தில்தான் பெயர் முதலில் பதிவாகியிருக்கிறது என்பதைக் கேட்டு நம் பங்குப் பொருளாளர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். எத்தனையோ ஊர்களின் பழமைக்குச் சாட்சி சொல்வது கணக்குப் புத்தகங்களே.

இனி ‘கெர்க்’ என்ற சொல்லைப் பார்ப்போம். ஐரோப்பிய மொழிகளில் கோயிலுக்கு இரண்டு சொற்குடும்பங்கள் உண்டு. பிரெஞ்சுக்காரர் ‘எக்லீஸ்’ என்பது ‘எக்லேசியா’ என்ற கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. அழைக்கப்பட்டோரின் கூட்டம் என்பது அதன் பொருள். நாம் திருச்சபை என்கிறோமே, அதுவே. வடக்கே ஜெர்மானிய இனத்து மொழிகளில் வழங்கும் கெர்க், கிர்க், சர்ச் ஆகியவை எல்லாம் ‘கிரியக்கோன்’ என்ற வேறொரு கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தவை. ‘ஆண்டவருக்கு உரியது’, அதாவது ஆண்டவருடைய வீடு. பூசையில் ‘கீரியே எலேய்சோன்’ என்று பாடுகிறோமே, ஆண்டவரே இரக்கமாயிரும் என்று, அந்தக் கீரியேதான் இது. நம் அண்டை மாநிலமான கேரளத்துக் கிறிஸ்தவர்கள் குரியாக்கோஸ் என்று பெயர் வைப்பதும் இதே வேரிலிருந்து.

இப்போது நம் சொல்லைப் பாருங்கள். கோ என்றால் அரசன், தலைவன். இல் என்றால் வீடு. கோ, இல் இரண்டும் சேர்ந்து கோயில். கிரேக்கரும் பிளெமிஷ்காரரும் நம்மைக் கேட்டுச் செய்யவில்லை, நாமும் அவர்களைக் கேட்டுச் செய்யவில்லை. ஆனாலும் சொல் ஒரே மாதிரி அமைந்திருக்கிறது. ஆகவே டன்கர்க் என்பதைத் தமிழில் பெயர்த்தால் மணற்கோயில் என்பது பொருளுக்குச் சரியாகவே பொருந்தும். பாரீசிலிருந்து வரும் பிரெஞ்சுக்காரருக்கு இந்த வசதி இல்லை. தங்கெர்க் என்ற பெயருக்குள் எக்லீஸ் இருப்பது அவர் காதுக்குக் கேட்காது. சொந்த நாட்டாருக்குக் கேட்காத பொருள் நமக்குக் கேட்கிறது.

ஊர் வளர்ந்த பிறகு அதன் பெரிய கோயில் புனித எலோய் பெயரிலேயே அமைந்தது. அதன் மணிக்கூண்டு பதினைந்தாம் நூற்றாண்டில் எழுந்தது. 58 மீட்டர் உயரம். தாழ்வான அந்தக் கரையில் கடலிலிருந்து வருகிறவனுக்கு முதலில் தெரிவது அதுவே. மாலுமிகளுக்கு அது கரைகாட்டி; பகைவர் வருகிறார்களா என்று பார்க்கும் காவற்கோபுரமும் அதுவே. 1558-ஆம் ஆண்டு பிரெஞ்சுப் படை ஊரைக் கொள்ளையிட்டுக் கொளுத்தியபோது கோயில் எரிந்தது, கோபுரம் நின்றது. கோயிலைத் திரும்பக் கட்டினார்கள். ஆனால் கோபுரமும் கோயிலும் மறுபடி சேரவில்லை. இன்று இரண்டுக்கும் நடுவே ஒரு வீதி ஓடுகிறது. மணிக்கூண்டு ஒருபுறம், பீடம் மறுபுறம். யுனெஸ்கோ நிறுவனம் 2005-ஆம் ஆண்டு அந்தக் கூண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்துக்கொண்டது.

இவ்வளவு பக்தியான பெயரைத் தாங்கிய ஊர், பதினாறு பதினேழாம் நூற்றாண்டுகளில் எதற்குப் பெயர் பெற்றிருந்தது தெரியுமா? கடற்கொள்ளைக்கு. ஊர் அப்போது ஸ்பானிய அரசரின் ஆட்சியில் இருந்தது. அவருடைய அனுமதிச் சீட்டை வாங்கிக்கொண்டு டன்கர்க் கப்பல்கள் ஒல்லாந்தரின் ஹெர்ரிங் மீன்பிடிப் படகுகளையும் ஆங்கிலேயரின் வணிகக் கப்பல்களையும் பிடித்துச் சூறையாடின. ஆங்கிலத்தில் ‘டன்கர்க்கர்’ என்றால் அக்காலத்தில் கடற்கொள்ளையன் என்றே பொருள். கோயில் என்ற சொல்லை வயிற்றில் வைத்திருக்கும் பெயர், கடல்மேல் போன செம்படவனின் பிள்ளைகள் கேட்டு நடுங்கும் பெயராயிற்று. பெயர் நன்றாயிருந்தால் போதும் என்று எண்ணுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

1658-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடந்தது இன்னும் வேடிக்கை. மணல்மேட்டுப் போர் என்று வரலாற்றில் பெயர் பெற்ற சண்டையில் ஸ்பானியர் தோற்றார்கள். சில நாள் கழித்து, ஜூன் 25-ஆம் தேதி, காலையில் ஸ்பானியருடையதாக இருந்த ஊர், பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, மாலைக்குள் உடன்படிக்கைப்படி ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரே நாளில் மூன்று கொடி. அந்த நாளைப் பித்துப்பிடித்த நாள் என்கிறார்கள். நான்கு ஆண்டுக்குப் பின், 1662-இல், இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸ் பணமுடை தாங்காமல் அந்த ஊரையே ஐம்பது இலட்சம் லீவருக்குப் பதினான்காம் லூயிக்கு விற்றுவிட்டார். லண்டன் மக்களுக்கு ஆத்திரம். அமைச்சர் கிளாரெண்டன் லஞ்சம் வாங்கிக்கொண்டு விற்றார் என்று பேசிக்கொண்டார்கள். அவர் புதிதாகக் கட்டிய மாளிகைக்கு ‘டன்கர்க் மாளிகை’ என்று பட்டப்பெயரும் சூட்டினார்கள். பெயர் இப்போது லஞ்சத்துக்கு அடையாளம். ஊருக்கும் அந்த மாளிகைக்கும் நடுவே ஒரு கடலே இருக்கிறது என்பதை யார் பார்த்தார்கள்?

பிரெஞ்சு ஆட்சிக்கு வந்த பிறகும் கப்பல் வேட்டை நிற்கவில்லை. அவ்வூர் மண்ணின் மைந்தன் ஜான் பார் (பிளெமிஷில் யான் பார்ட்) 1694-ஆம் ஆண்டு ஒல்லாந்தர் பிடித்து வைத்திருந்த தானியக் கப்பல்களை மீட்டுக் கொணர்ந்து, பஞ்சத்தில் கிடந்த பிரான்சுக்குச் சோறு போட்டார். அரசர் அவருக்குப் பிரபுப் பட்டம் அளித்தார். 1702-இல் இறந்தபோது புனித எலோய் கோயிலுக்குள் அடக்கம் செய்தார்கள். ஆங்கிலேயர் மட்டும் மறக்கவில்லை. 1713-ஆம் ஆண்டு உத்ரெக்ட் உடன்படிக்கையில் டன்கர்க்கின் மதில்களை இடிக்க வேண்டும், துறைமுகத்தைத் தூர்க்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். 1783-ஆம் ஆண்டு வரை அந்த நிபந்தனையின் நிழல் ஊரின்மேல் கிடந்தது.

பின்பு பிரெஞ்சுப் புரட்சி வந்தது. புரட்சியாளர்களுக்குப் புனிதர் பெயர்கள் கண்ணில் விழுந்த தூசி. சேன் மாலோ துறைமுகத்திலிருந்து ‘புனித’ என்பதை எடுத்து மாலோத் துறை ஆக்கினார்கள். அருளின் துறைமுகம் என்று பொருள்படும் பெயரோடு பிறந்த ஹாவ்ர் பட்டினத்துக்கு மராத் என்ற புரட்சித் தலைவரின் பெயரை ஒட்டினார்கள். டன்கர்க்கில் புனிதரும் இல்லை, அருளும் இல்லை, என்ன செய்வது? பெயரின் பிளெமிஷ் அர்த்தம் தெரிந்தவர்கள் இருந்தார்கள் போலும். கெர்க் என்றால் கோயிலல்லவா! அதை வெட்டி எறிந்துவிட்டு ‘தூன் லிப்ர்’ என்று பெயரிட்டார்கள். அதாவது சுதந்திர மணல்மேடு. கோயில் போயிற்று, மணல் மிஞ்சிற்று.

நாம் இதைப் படித்தபோது நமக்குக் கோபம் வரவில்லை, ஒரு வகையில் மரியாதையே வந்தது. பாதிப் பேர் பொருள் தெரியாமல் உச்சரித்துக்கொண்டிருந்த பெயரைப் பொருள் தெரிந்து படித்தவர்கள் அதன் எதிரிகள் அல்லவா? அந்தப் பெயர் சில ஆண்டுகளே நின்றது. பழைய பெயர் தானாகத் திரும்பி வந்தது. மீன் விற்கிறவளும் கயிறு திரிக்கிறவனும் நாவை மாற்றிக்கொள்ள மறுத்தால் அரசாணை என்ன செய்யும்?

அந்த ஊர்ச் செம்படவரைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அவர்கள் ஐஸ்லாந்துக் கடல் வரை காட் மீன் பிடிக்கப் போவார்கள். தவக்காலத்தை ஒட்டிப் புறப்பட்டால் திரும்ப மாதக்கணக்காகும். திரும்பாதவர்களும் பலர். புறப்படுமுன் கப்பல் முதலாளி விருந்து வைப்பார். குடித்து ஆடிப் பாடித் தெருவில் கூட்டமாகப் போவார்கள். இன்று உலகமறிந்த டன்கர்க் கார்னிவல் அதிலிருந்து வளர்ந்ததுதான். நகராட்சி மாளிகையின் மாடத்திலிருந்து கூட்டத்தின்மேல் ஹெர்ரிங் மீனை எறிவதும், ஜான் பார் சிலைக்கு முன் முழந்தாளிட்டுப் பாடுவதும் அதில் நடக்கும். அதே ஊரில் மணல்மேட்டு மாதாவுக்கு ஒரு சிறு கோயில் உண்டு. செம்படவர் நேர்ச்சையாகக் கொடுத்த சிறு மரக்கப்பல்கள் அங்கே தொங்குகின்றன. ஆட்டம் போட்டவர்களும் கப்பல் நேர்ந்தவர்களும் ஒரே ஆட்கள்.

இனி, தம்பி கேட்ட கேள்விக்கு வருவோம்.

1940-ஆம் ஆண்டு மே மாதம் ஜெர்மானியப் படை பெல்ஜியத்தையும் வட பிரான்சையும் ஊடறுத்துக் கடலை எட்டியது. பிரிட்டிஷ் படையும் பிரெஞ்சுப் படையின் ஒரு பகுதியும் டன்கர்க்கைச் சுற்றியுள்ள மூலையில் அகப்பட்டன. மே 26 முதல் ஜூன் 4 வரை, டோவர் கோட்டையிலிருந்து வைஸ் அட்மிரல் ராம்சே நடத்திய மீட்புப் பணியில் 3,38,226 பேர் கடல் கடந்து இங்கிலாந்து சேர்ந்தார்கள். பொதுமக்களின் சிறு படகுகளைப் பற்றி நிறையச் சொல்வார்கள். அவை வந்தது உண்மை, உதவியதும் உண்மை. ஆனால் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டவர்கள் ஏறியது மணலிலிருந்து அன்று. துறைமுகத்தின் நீண்ட அலைதடுப்பிலிருந்து போர்க்கப்பல்களிலும் பெரிய கப்பல்களிலும் ஏறினார்கள். படத்தில் சிறு படகு அழகாயிருக்கும். அதனால் நம் மனத்தில் அதுதான் நிற்கிறது.

மே 26 ஞாயிற்றுக்கிழமை. ஆறாம் ஜார்ஜ் மன்னர் கேட்டுக்கொண்டபடி இங்கிலாந்தெங்கும் கோயில்களில் மக்கள் கூடிச் செபித்தார்கள். கடல் பெரும்பாலும் அமைதியாயிருந்தது. ஜெர்மானிய டாங்கிகள் அதற்கு இரண்டு நாள் முன்பே தலைமையின் கட்டளையால் நிறுத்தப்பட்டிருந்தன. ஆகவே ‘டன்கர்க் அற்புதம்’ என்ற பேச்சு எழுந்தது. நாம் செபத்தின் வல்லமையை மறுக்கிறவரல்லர். ஆனாலும் அற்புதம் என்ற சொல்லை எடுக்குமுன் ஒரு குருவானவன் நிதானிக்க வேண்டும். அலைதடுப்பில் ஏறியவருக்கு அது அற்புதம். அவர் ஏறும்வரை பின்னால் நின்று சுட்டுக்கொண்டிருந்தவருக்கு அதை என்னவென்று சொல்வது? ஜூன் 4 அன்று பிரெஞ்சு வீரர் ஏறத்தாழ 35,000 முதல் 40,000 பேர் அங்கேயே சிறைப்பட்டார்கள். மீட்கப்பட்டவர்களில் 1,20,000-க்கு மேற்பட்டோர் பிரெஞ்சுக்காரர். அவர்களிலும் பலர் உடனேயே மீண்டும் பிரான்சுக்குப் போரிட அனுப்பப்பட்டு, சில வாரத்தில் நாடு சரணடைந்தபோது கைதிகளானார்கள். ஆகையால் பிரெஞ்சுக்காரர் நாவில் அந்தப் பெயருக்குக் கசப்பு உண்டு. அந்த மணலில் சிறைப்பட்ட ராபர்ட் மெர்ல் என்பவர் பின்னர் எழுதிய நாவலுக்கு 1949-இல் கோன்கூர் பரிசு கிடைத்தது. அதன் தலைப்பில் டன்கர்க் இல்லை, பக்கத்துக் கிராமமான ஸூய்த்கோத்தின் பெயர்தான் இருக்கிறது.

நம் நாட்டவரும் அங்கே இருந்தார்கள். பம்பாயிலிருந்து 1939 டிசம்பரில் மார்செய் துறைமுகம் போய்ச் சேர்ந்த கோவேறு கழுதைப் படைப்பிரிவுகள் நான்கு. வீரர் பெரும்பாலும் பஞ்சாப் பகுதி முஸ்லிம்கள். ஒரு பிரிவு ஜெர்மானியரிடம் சிறைப்பட்டது. மற்றவர்கள் தப்பினார்கள், கழுதைகளை விட்டுவிட்டு. நாம் பார்த்த படத்தில் அவர்கள் முகம் ஒன்றும் வரவில்லை.

சர்ச்சிலே ஜூன் 4 அன்று நாடாளுமன்றத்தில், இதை வெற்றி என்று எண்ணிவிடக்கூடாது, படையைத் திரும்பக் கூட்டி வந்து யாரும் போரில் வென்றதில்லை என்ற பொருளில் எச்சரித்தார். ஆனால் மக்கள் மனம் வேறு வழியே போயிற்று. இடுக்கணில் ஒருவரையொருவர் கைவிடாமல் நிற்பதற்கு ‘டன்கர்க் உணர்வு’ என்று பெயராகிவிட்டது. 1964 டிசம்பரில் பொருளாதார நெருக்கடி வந்தபோது பிரதமர் ஹெரால்ட் வில்சன் அந்த உணர்வையே கூவியழைத்தார். 2020-இல் கொரோனா வந்தபோதும் அதே சொல் காற்றில் பறந்தது. தம்பிக்கு நாம் இப்போது சொல்லும் விடை இது: தோல்வியை அவர்கள் கொண்டாடவில்லை, திரும்பி வந்த பிள்ளைகளைக் கொண்டாடினார்கள். எத்தனையோ வீடுகளில் கதவு தட்டப்பட்டது. அதற்கு ஒரு பெயர் தேவைப்பட்டது.

ஆனால் அதே நாட்டில் பொருளியல் மேதை கீன்ஸ், போர் முடிந்த 1945-ஆம் ஆண்டிலேயே, அமெரிக்கா உதவாவிட்டால் நம் கஜானாவுக்கு ஒரு டன்கர்க் காத்திருக்கிறது என்று அரசாங்கத்துக்கு எழுதினார். அவருக்கு அந்தச் சொல் பேரழிவு. 1980-இல் அமெரிக்காவில் ரீகன் ஆட்சிப் பொறுப்பேற்குமுன் டேவிட் ஸ்டாக்மன் எழுதிய குறிப்பிலும் பொருளாதார டன்கர்க்கைத் தவிர்க்க வேண்டும் என்றே வந்தது. அந்த நாட்டில் ஈரி ஏரிக்கரையில் டன்கர்க் என்றே ஓர் ஊரும் உண்டு. துறை அமைப்பு ஒத்திருந்ததால் வைத்த பெயர். அங்கே போருமில்லை, அற்புதமுமில்லை.

இவ்வளவு பேரும் பெயரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஊர் என்ன ஆயிற்று என்று கேட்பார் குறைவு. கப்பல்கள் போன பின் டன்கர்க் மக்கள் ஐந்து ஆண்டு ஜெர்மானியர் பிடியில் இருந்தார்கள். 1944 செப்டம்பரில் சுற்றிலும் விடுதலை வந்தது, அவர்களுக்கு முற்றுகை வந்தது. பாரீஸ் விடுதலை பெற்று எட்டு மாதத்துக்கு மேலாகியும் அங்கே ஜெர்மானியப் படை விடவில்லை. உலகம் வெற்றிவிழாக் கொண்டாடிய மறுநாள், 1945 மே 9 அன்றுதான் சரணடைந்தது. ஊரின் பெரும்பகுதி இடிபாடு. புனித எலோய் கோயிலும் குண்டுபட்டது. திருப்பிக் கட்டினார்கள். ஆனாலும் முகப்பில் துப்பாக்கிக் குண்டுகளின் தழும்புகளை இன்றும் காணலாம். ஜான் பார் சிலை மட்டும் விழாமல் நின்றது. 1947 மார்ச் 4 அன்று பிரிட்டனும் பிரான்சும் நட்பு உடன்படிக்கை ஒன்றை இந்த ஊரிலேயே கையெழுத்திட்டன. கசப்பைத் துடைக்க வேண்டுமென்று வேண்டுமென்றே தேர்ந்த இடம். டன்கர்க் உடன்படிக்கை என்று அதற்குப் பெயர். இன்று அந்த உடன்படிக்கையை நினைப்பவர் எத்தனை பேர்?

கடைசியாக ஒன்று. படம் வெளிவந்து நான்கு ஆண்டு கழிந்த பின் நடந்தது. டன்கர்க்கைச் சுற்றியுள்ள மணல்மேடுகளில் போரிலிருந்தும் வறுமையிலிருந்தும் தப்பி வந்த குர்திஸ்தான், ஆப்பிரிக்க நாட்டு மக்கள் இங்கிலாந்து போகக் காத்துக் கிடக்கிறார்கள். அடிமைக் கப்பல்காரரின் பேரப்பிள்ளைகள் போன்ற தரகர்கள் பணம் வாங்கிக்கொண்டு இரவில் காற்றடைத்த ரப்பர் படகுகளில் அவர்களை அடைத்து அனுப்புகிறார்கள். 1940-இல் சென்ற அதே திசை. அன்று வந்தவற்றை ஆங்கிலத்தில் ‘சிறு கப்பல்கள்’ என்று அன்போடு சொன்னார்கள். இன்று போகிறவற்றைச் ‘சின்னப் படகுகள்’ என்கிறார்கள், முகத்தைச் சுளித்துக்கொண்டு. இரண்டுக்கும் அகராதியில் பெரிய வித்தியாசம் கிடையாது.

2021-ஆம் ஆண்டு நவம்பர் 24 அன்று டன்கர்க்குக்கு அருகிலிருந்து புறப்பட்ட அப்படிப்பட்ட ஒரு படகு நடுக்கடலில் மூழ்கிற்று. இரவெல்லாம் அதிலிருந்தவர்கள் தொலைபேசியில் உதவி கேட்டார்கள். நீங்கள் இருப்பது அந்தக் கரையின் எல்லையில், இந்தக் கரையின் எல்லையில் என்று பேச்சு நடந்தது. பொழுது விடிந்த பின் உடல்கள் மிதப்பதைக் கண்டு சொன்னவர்கள் மீன்பிடிக்கப் போன பிரெஞ்சுச் செம்படவர்கள். 27 பேரின் உடல்கள் கிடைத்தன. அவர்களில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். உயிரோடு மீண்டவர் இருவர்.

அதிலிருந்து ஏழாம் நாள் டிசம்பர் 1. பழைய நாட்காட்டிகளிலும் புதிய நாட்காட்டிகளிலும் அன்றைக்குத்தான், கப்பல் வந்ததென்றால் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடிய பொற்கொல்லர் எலோயின் திருநாள்.